படிப்பில் விழுந்த இடைவெளியை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி? நேர்முகத் தேர்வுக்குப் போகும் வன்னிப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாந்தை, வவுனியா வடக்கு என்று எங்கிருந்து விண்ணப்பித்தாலும் சரி, ஆங்கிலத்தில் நேர்முகத் தேர்வு என்றால் ஒரு கேள்வி அநேகமாக வரும். உங்கள் படிப்பில் ஏன் இந்த இடைவெளி? இந்த இரண்டு வருடமும் என்ன செய்தீர்கள்? அதற்குப் பதில் நம்மில் யாருக்கும் தெரியாததில்லை. தமிழில் கேட்டால் மூச்சு விடாமல் சொல்வோம். ஆங்கிலத்தில் சொல்லும்போதுதான் சிக்கல். கேன், குட் போன்ற ஒரு சின்னத் துணைவினை மாறிப்போனால், "என்னால் முடியாமல் போனது" என்று நீங்கள் நினைத்துச் சொல்வது, "வாய்ப்பு இருந்தது, நான்தான் விட்டுவிட்டேன்" என்று எதிரில் இருப்பவர் காதில் விழும். போர் பறித்ததை நீங்களே தொலைத்ததாகச் சொல்லிவிட்டு எழுந்து வருவீர்கள்.

எனக்கு ரியூசனில் சொல்லித் தந்தது ஒரே வரிதான்: கேன் என்பதன் இறந்தகாலம் குட். மிச்சம் எல்லாவற்றையும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடிப் பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருந்தது. நீங்கள் அவ்வளவு அலைய வேண்டியதில்லை என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஆங்கில வசனங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படியுங்கள். அப்புறம் கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதுங்கள்.

1. முதலில் பேப்பர்களை எடுங்கள்

இலக்கணத்தைத் தொடுவதற்கு முன் உங்கள் ஆவணங்களை எல்லாம் பாயில் பரப்புங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தரப் பெறுபேறு, உயர்தரப் பெறுபேறு, பாடசாலை விடுகைப் பத்திரம், பயிற்சிச் சான்றிதழ்கள், முன்பு வேலை செய்த இடத்துக் கடிதங்கள். வருட வரிசையில் அடுக்குங்கள். நேர்முகத் தேர்வுக் குழுவும் அதே வரிசையில்தான் புரட்டிப் பார்க்கும். எங்கே வருடம் தாவுகிறதோ அங்கேதான் கேள்வி வரும்.

இடப்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்தவர்கள் குறைந்தது ஒரு மாதம் முன்னரே தொடங்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் பிரதிக்குப் பிரதேச செயலகம். பெறுபேற்றுச் சான்றிதழுக்குப் பரீட்சைத் திணைக்களம். அதன் இணையத்தளம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். சுட்டெண்ணும் பரீட்சை எழுதிய வருடமும் கையில் இருந்தால் வேலை சுலபம். சுட்டெண் மறந்திருந்தால் படித்த பாடசாலையில் கேட்டுப் பாருங்கள். தமிழில் இருக்கும் ஆவணத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்புக் கேட்டால், சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம்தான் போக வேண்டும். அவர்கள் பெரும்பாலும் பக்கக் கணக்கில் காசு வாங்குவார்கள். எத்தனை நாள் ஆகும், எவ்வளவு என்று கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். மூலப் பிரதியை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

இனி ஒரு கொப்பியில், ஒவ்வொரு வருடத்துக்கும் பக்கத்தில் இந்த நான்கில் ஒன்றை எழுதுங்கள்: தெரிந்திருந்தது. செய்து முடித்தேன். முடியாமல் போனது. வாய்ப்பு இருந்தது, எடுக்கவில்லை. தமிழிலேயே எழுதுங்கள். இந்த நான்குக்கும் ஆங்கிலத்தில் நான்கு வடிவம் உண்டு. எது எதற்கு என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

2. பொதுவாகத் தெரிந்திருந்தது: குட்

ஒரு காலத்தில் உங்களுக்கு ஒரு திறமை இருந்தது, எப்போது கேட்டாலும் செய்திருப்பீர்கள் என்றால் குட் போடுங்கள்.

ஐ குட் டிரைவ் எ டிராக்டர் வென் ஐ வொஸ் ஃபிஃப்டீன். பதினைந்து வயதிலேயே டிராக்டர் ஓட்டுவேன்.

மை கிராண்ட்ஃபாதர் குட் ரீட் சிங்களா. தாத்தாவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரிந்திருந்தது.

இங்கே இரண்டு பொறி. முதலாவது, குட் வந்தபின் வரும் வினையையும் இறந்தகாலத்தில் போடுவது. தமிழில் வசனக் கடைசி வினையில்தான் காலம் உட்காரும், அந்தப் பழக்கத்தில் "குட் வென்ட்", "குட் டிரோவ்" என்று வாயில் வந்துவிடும். குட் ஏற்கனவே இறந்தகாலம். பின்னால் வெறும் வினை போதும்: குட் கோ, குட் டிரைவ். இரண்டாவது, "குட் ஏபிள் டு". நம்மூரில் ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறவர்கள்கூட இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரே பொருள் தரும் இரண்டைச் சேர்த்துப் போட்ட வசனம் அது, தப்பு. குட் என்றால் குட், அல்லது வொஸ் ஏபிள் டு. இரண்டில் ஒன்று.

3. ஒருமுறை செய்து முடித்தது: வொஸ் ஏபிள் டு

அதிகம் பேர் விழும் குழி இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மல்லாவிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கள உத்தியோகத்தர் வேலைக்குப் போயிருந்தார். முன்பு வேலை செய்த இடத்தில் மழைக்கு முன் ஒரு வீட்டுக் கணக்கெடுப்பை முடித்துக் கொடுத்தவர். குழு கேட்டது: டிட் யூ கம்ப்ளீட் த சர்வே பிஃபோர் த ரெய்ன்ஸ்? இவர் சொன்னார்: ஐ குட் கம்ப்ளீட் இட். கேட்டவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, "ஸோ, டிட் யூ?" என்று மறுபடியும் கேட்டார். தம்பிக்குக் குழப்பம். அதைத்தானே சொன்னேன் என்று நினைத்தார். ஆனால் கேட்டவருக்கு அந்தப் பதில் "முடித்திருக்கக்கூடிய ஆள்தான்" என்ற அளவில் நின்றுவிட்டது. முடித்தாரா இல்லையா என்பது அதில் இல்லை.

விதி இது. குறிப்பிட்ட ஒரு சந்தர்ப்பத்தில், ஒரே ஒரு தடவை, ஒன்றைச் செய்து முடித்தீர்கள் என்றால் குட் பயன்படாது. வொஸ் ஏபிள் டு சொல்லுங்கள். பன்மைக்கு வெர் ஏபிள் டு. கஷ்டப்பட்டு, தடையைத் தாண்டிச் செய்தது என்றால் மனேஜ்ட் டு இன்னும் நல்லது.

யெஸ், வீ வெர் ஏபிள் டு கம்ப்ளீட் இட் பிஃபோர் த ரெய்ன்ஸ்.

த ரோட் வொஸ் ஃபிளடட், பட் வீ மனேஜ்ட் டு ரீச் ஒட்டுசுட்டான்.

கஷ்டத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை என்றால் நேரான இறந்தகாலமே போதும்: வீ கம்ப்ளீட்டட் இட். நேர்முகத் தேர்வில் எனக்கு மிகவும் பிடித்த வசனம் இதுதான். குறுகியது, சந்தேகம் இல்லாதது.

இந்த விதிக்கு விலக்குகள் உண்டு. பார்ப்பது, கேட்பது, மணப்பது, உணர்வது, ஞாபகம் வருவது, விளங்குவது போன்ற வினைகளுக்கு ஒரே தடவை நடந்ததென்றாலும் குட் வரும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் நிவாரண வேலை செய்தவர்கள் அந்த இரவைச் சொல்ல வேண்டி வந்தால் இப்படிச் சொல்லலாம்:

வீ குட் ஹியர் த வோட்டர். வீ வெர் ஏபிள் டு மூவ் த சில்ட்ரன் டு த ஸ்கூல்.

தண்ணீர்ச் சத்தம் காதில் விழுந்தது, அதற்கு குட். பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு செயல், அதற்கு வெர் ஏபிள் டு. இந்த இரண்டு வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால் வேறு விளக்கமே தேவையில்லை. அதுபோல ஒன்லி, ஹார்ட்லி போன்ற சொற்கள் சேர்ந்தாலும் குட் சரியாகும்: வீ குட் ஒன்லி கேரி வன் பேக். ஒரு பையைத்தான் தூக்க முடிந்தது.

4. முடியாமல் போனது: குடன்ட்

எதிர்மறையில் வேலை இலகு. பொதுவாகத் தெரியாதது, ஒரு தடவை முடியாமல் போனது, இரண்டுக்கும் குடன்ட் போதும். வொஸன்ட் ஏபிள் டு என்றாலும் அதே பொருள்தான், எழுத்தில் கொஞ்சம் அடக்கமாக இருக்கும். விண்ணப்பக் கடிதத்தில் எழுதும்போது குட் நொட் என்று பிரித்து எழுதுங்கள்.

உங்கள் இடைவெளிக்கான வசனம் இங்கேதான் பிறக்க வேண்டும். அதற்கு மூன்று பகுதி: முடியாமல் போனது, காரணம், பிறகு முடித்தது.

ஐ குடன்ட் சிட் மை ஏ லெவல்ஸ் இன் 2009 பிகோஸ் வீ வெர் டிஸ்பிளேஸ்ட். ஐ வொஸ் ஏபிள் டு சிட் தெம் இன் 2010.

இவ்வளவுதான். காரணத்துக்கு ஒரு வரி போதும். முள்ளிவாய்க்கால் வரை போய் வந்த கதை முழுவதையும் அந்த அறையில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. குழு மேலும் கேட்டால், சொல்ல உங்களுக்கு மனம் இருந்தால், சொல்லுங்கள். ஆனால் மூன்றாவது பகுதியை விட்டுவிடாதீர்கள். பலர் குடன்டோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு நீங்கள் செய்து முடித்ததுதான் வேலை தருகிறவர் கேட்க விரும்புவது.

இளையவர்களுக்கு வேறு வருடங்கள். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டதும், 2022இல் எரிபொருள் இல்லாமல் பஸ் ஓடாததும் உங்கள் இடைவெளியாக இருக்கலாம். வசனத்தின் அமைப்பு அதேதான்: ஐ குடன்ட் அட்டென்ட் த கோர்ஸ் எவ்ரி டே பிகோஸ் தெயர் வொஸ் நோ ஃபியூல்.

திறமையோ வசதியோ இல்லாமல் போவது வேறு, அனுமதி இல்லாமல் போவது வேறு. மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்தவர்களுக்கு வெளியே போகக் கால் இருந்தது, அனுமதி இருக்கவில்லை. அதை வீ வெர் நொட் அலவ்ட் டு லீவ் த காம்ப் என்று சொல்லுங்கள். குடன்ட் போட்டாலும் தப்பில்லை, ஆனால் நொட் அலவ்ட் என்னும்போது தடுத்தது யாரோ என்பது தெளிவாகிறது. ஒருமுறை கிடைத்த அனுமதிக்கும் இதே வினைதான்: ஐ வொஸ் அலவ்ட் டு விசிட் மை மதர். இந்த இடத்தில் குட் வராது.

5. வாய்ப்பு இருந்தும் எடுக்காதது: குட் ஹாவ்

இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

குட் ஹாவ் என்றால் வழி திறந்திருந்தது, நான் போகவில்லை. "ஐ குட் ஹாவ் சாட் த எக்ஸாம் இன் 2009" என்று ஒருவர் சொன்னால், பரீட்சை எழுத எல்லா வசதியும் இருந்தது, அவர்தான் எழுதவில்லை என்று பொருள். "அந்த வருடம் எழுதியிருப்பேன், எங்கே விட்டார்கள்" என்ற ஆதங்கத்தை மனதில் வைத்துக்கொண்டு இந்த வசனத்தைச் சொல்லிவிடுவது மிக எளிது. ஆதங்கம் வசனத்தில் ஏறாது, பொறுப்பு மட்டும் உங்கள் தலையில் ஏறும். தடுக்கப்பட்டதற்குக் குடன்ட். அந்த ஆதங்கத்தையும் சொல்ல வேண்டும் என்றால் வுட் ஹாவ் இருக்கிறது: ஐ வுட் ஹாவ் சாட் த எக்ஸாம், பட் வீ வெர் டிஸ்பிளேஸ்ட்.

அதற்காகக் குட் ஹாவைக் கண்டு ஒதுங்கவும் வேண்டாம். நீங்களே யோசித்து எடுத்த முடிவைச் சொல்ல இதைவிட நல்ல வடிவம் இல்லை.

ஐ குட் ஹாவ் கோன் டு கொழும்பு ஆஃப்டர் மை ஏ லெவல்ஸ், பட் ஐ ஸ்டேய்ட் டு லுக் ஆஃப்டர் மை ஃபாதர்.

கொழும்புக்குப் போயிருக்கலாம், அப்பாவைப் பார்க்க நின்றேன். இதைக் கேட்கிறவர் உங்களைப் பொறுப்பான ஆளாகத்தான் பார்ப்பார். ஒரே நிபந்தனை, பட் போட்டுக் காரணம் சொல்ல வேண்டும். காரணம் இல்லாத குட் ஹாவ் சோம்பலாகத் தொனிக்கும்.

கவனிக்க வேண்டிய வேறு சில:

ஹாவுக்குப் பிறகு வினையின் மூன்றாம் வடிவம் வரும். கோ, வென்ட், கோன் என்று பாடமாக்கினோமே, அதில் கடைசி. நேர்முகத் தேர்வுக்கு ஒரு பத்து வினை தெரிந்தால் சமாளிக்கலாம்: கோன், கம், டன், டேக்கன், கிவன், ரிட்டன், கொட், சாட், ஸ்டடீட், அப்ளைட். ஆள் யாராக இருந்தாலும் ஹாவ் ஹாவ்தான். "ஷீ குட் ஹாஸ்" என்று ஒன்று கிடையாது.

வேகமாகப் பேசும்போது குட் ஹாவ் "குடவ்" என்று ஒலிக்கும். அதைக் கேட்டு எழுதுகிறவர்கள் ஹாவ் இருக்க வேண்டிய இடத்தில் "ஒஃப்" என்று எழுதிவிடுவார்கள். பேச்சில் தெரியாது, விண்ணப்பக் கடிதத்தில் பளிச்சென்று தெரியும்.

ஊகத்துக்கும் குட் ஹாவ் வரும். ஹீ குட் ஹாவ் கோன் டு மன்னார் என்றால் அவர் மன்னாருக்குப் போயிருக்கக்கூடும் என்றும் எடுக்கலாம். நம் "போயிருக்கலாம்" போலவே இரண்டு பக்கமும் வெட்டும். ஊகம் என்றால் மே ஹாவ் சொல்லிவிடுங்கள், குழப்பம் தீர்ந்தது.

குடன்ட் ஹாவ் தனி ரகம். ஐ குடன்ட் ஹாவ் ஃபினிஷ்ட் த டிப்ளோமா விதவுட் மை சிஸ்டர். அக்கா இல்லாவிட்டால் முடித்திருக்கவே முடியாது. அதாவது முடித்துவிட்டேன், அக்காவின் தயவால். முடிக்காத ஒன்றுக்கு இப்படி விதவுட்டோடு போட்டால் முடித்ததாக அர்த்தமாகிவிடும், கவனம்.

கிடைத்த வாய்ப்பைச் சொல்ல ஹாட் எ சான்ஸ் டு உண்டு. ஐ ஹாட் எ சான்ஸ் டு வேர்க் வித் ஃபாமேர்ஸ் நியர் இரணைமடு. ஆனால் அந்த வாய்ப்பைப் பயன்படுத்தினீர்களா என்பதை இது முழுதாகச் சொல்லாது. பின்னால் "அண்ட் ஐ டுக் இட்" என்றோ, என்ன செய்தீர்கள் என்றோ ஒரு வசனம் சேருங்கள்.

6. கேள்வியைக் கவனியுங்கள்

"குட் யூ டெல் அஸ் அபவுட் யுவர் லாஸ்ட் ஜொப்?" இதில் இறந்தகாலம் எதுவும் இல்லை. மரியாதையாகக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். யெஸ், ஐ குட் என்று பதில் சொல்ல வேண்டாம். "ஷுவர்" என்று தொடங்கி வேலையைப் பற்றிச் சொல்லுங்கள்.

"வெர் யூ ஏபிள் டு...?" என்று தொடங்கினால் செய்தீர்களா என்று கேட்கிறார்கள். யெஸ், ஐ வொஸ். அல்லது நோ, ஐ வொஸன்ட், பிகோஸ்... "குடன்ட் யூ ஹாவ்...?" என்று தொடங்கினால் கொஞ்சம் நெருக்கிப் பிடிக்கிறார்கள்: வேறு வழி இருந்திருக்குமே, ஏன் செய்யவில்லை? பதறாமல், உண்மையில் வழி இருந்ததா இல்லையா என்று பார்த்து, நோ, ஐ குடன்ட் ஹாவ் என்றோ, யெஸ், ஐ குட் ஹாவ், பட் என்றோ தொடருங்கள்.

7. எவ்வளவு காலம், எவ்வளவு செலவு

ஒரு நாளைக்கு இருபது நிமிடம், மூன்று வாரம். அதற்குக் குறைத்தால் வாயில் பழகாது. முதல் வாரம் குட், குடன்ட் மட்டும். இரண்டாவது வாரம் வொஸ் ஏபிள் டு, மனேஜ்ட் டு. மூன்றாவது வாரம் குட் ஹாவ். மூன்றையும் முதல் நாளே கலக்காதீர்கள். முதல் அடியில் எழுதிய வருடப் பட்டியலில் ஒரு வருடத்தை எடுங்கள், மூன்று வசனம் சொல்லுங்கள், ஃபோனில் பதிவு செய்து திரும்பக் கேளுங்கள். வசனம் உங்கள் வாழ்க்கையில் நடந்ததாகவே இருக்கட்டும். புத்தகத்தில் இருக்கும் நீச்சல் வசனத்தை நேர்முகத் தேர்வில் யாரும் கேட்கப் போவதில்லை.

செலவு என்று பார்த்தால் ஒரு சி.ஆர். கொப்பி, இரண்டு நிறத்தில் பேனை. செய்து முடித்ததை நீலத்தில், முடியாமல் போனதைச் சிவப்பில் எழுதினால் கண்ணுக்குப் பிடிபடும். ஸ்போக்கன் வகுப்புக்குப் போவதானால், காசு கட்டும் முன் ஒரு நாள் உள்ளே இருந்து பாருங்கள். ஒரு வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் ஐந்து நிமிடமாவது வாய் திறக்கவில்லை என்றால், அந்தக் காசுக்கு வேறு வேலை இருக்கிறது.

வெளிநாட்டுப் படிப்புக்கு ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலப் பரீட்சை எடுக்கிறவர்களுக்கும் இதே பயிற்சி உதவும். அதன் பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடம். நடுவில் ஒரு அட்டை தருவார்கள், ஆயத்தமாக 1 நிமிடம், பிறகு 2 நிமிடம் வரை நீங்கள் மட்டும் பேச வேண்டும். கற்றுக்கொண்ட ஒரு விடயம், சந்தித்த ஒரு கஷ்டம் என்று கடந்த காலத்தைக் கேட்கும் அட்டைகள் நிறைய. பேச்சுப் பகுதி மற்றப் பகுதிகளின் அதே நாளில் வராமலும் போகலாம். இங்கிருந்து போகிறவர்களுக்கு அது இரண்டு பயணம், தங்குமிடச் செலவும் சேரும். பதியும்போதே திகதியைக் கேளுங்கள். பதிவுக்குக் கொடுத்த அதே அடையாள ஆவணத்தைப் பரீட்சைக்கும் கொண்டு போங்கள். பெறுபேறு 2 வருடம்தான் செல்லும், ஆகவே விண்ணப்பத் திகதி தெரியாமல் முந்தி எடுத்துவிட வேண்டாம்.

8. அறைக்குள் வார்த்தை வராமல் போனால்

நடுவசனத்தில் குடன்டா, குட் ஹாவா என்று தடுமாறினால் இரண்டையும் விடுங்கள். சாதாரண இறந்தகாலத்துக்கு வந்துவிடுங்கள். ஐ டிட் நொட் சிட் த எக்ஸாம் இன் 2009. வீ வெர் டிஸ்பிளேஸ்ட். ஐ சாட் இட் இன் 2010 அண்ட் ஐ பாஸ்ட். துணைவினை ஒன்றும் இல்லை, பொருளும் பிசகவில்லை. சொல்லி முடித்ததும் 2010 பெறுபேற்றுத் தாளை எடுத்து மேசையில் வையுங்கள், அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.